டிரைப் துரையின் நிழற்படங்கள்

நிழற்படம் பொறியின் தொழிலேயன்றிக் கலைஞன் தொழிலன்று என்பாருளர். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராயிருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த படங்களை அன்னோர் கண்டிலர் போலும். மெழுகூட்டிய காகிதமே அவருக்கு நெகடிவ். அக்காலத்து இரசாயனங்கள் வானத்தை வெறும் வெண்மையாகவே காட்டியமையால், நெகடிவின்மீது வண்ணந்தீட்டி மேகங்களை அமைத்தார். இது பொய்யன்றோ எனின், அன்று. பொறி தவறவிட்டதைக் கை மீட்டது, அவ்வளவே. தஞ்சைப் பெரியகோயிற் கல்வெட்டை 21 படங்களாக்கி, ஒரே நீண்ட சுருளாக இணைத்த பொறுமையும் பொறியினதோ? 1859-இல் கவர்னர் டிரெவலியன் இதனை ஆடம்பரச் செலவென்று நிறுத்தினார். அப்படங்களை இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலை பேணுகின்றது. நாமோ, பாட்டனார் காலத்து ஸ்டூடியோப் படங்களைச் சட்டத்திற்கு மட்டும் விலைபேசி, பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிடுகின்றோம்.