கடற்பசுவை எண்ணும் ஆகாயக் கண்

பட்டியில் அடைத்த மாடுகளை எண்ணுவது எளிது. கடலில் மேயும் பசுக்களை எண்ணுவது எங்ஙனம்?

மன்னார்க் கடலோரத்து மக்களுக்குக் கடற்பசு புதியதன்று. கடலடியில் வளரும் புல்லை மேய்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்செடுக்க மேலே வரும் சாதுவான பிராணி அது. ஓர் ஈற்றில் ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை செல்லும். ஆகையால், வலையிற் சிக்கிச் சில தாய்ப்பசுக்கள் மாண்டாலும் அக்குறை நிரம்புதல் அரிது. எத்தனை எஞ்சியுள்ளன என்று அறியாமல் அவற்றை எவ்வாறு காப்பது?

விஞ்ஞானிகள் நெடுங்காலமாகச் சிறு விமானங்களில் தாழப் பறந்து, சாளரத்தின் வழியே நோக்கி எண்ணி வந்தனர். அஃது ஆபத்தான பணி. அமெரிக்காவில் 1937 முதல் 2000 வரை கடமையின்போது மாண்ட வனவிலங்குப் பணியாளருள் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் விமான விபத்துக்களிலேயே உயிர் நீத்தனர்.

2010 ஆம் ஆண்டு செப்டெம்பரில், மேற்கு அவுஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் வேறொரு வழி பரீட்சிக்கப்பட்டது. பரந்த கடற்புல் வெளிகளும் ஆயிரக்கணக்கான கடற்பசுக்களும் உள்ள இடம் அது. கமெரா பொருத்திய ஆளில்லா விமானமொன்று 7 முறை பறந்து 6,243 படங்களைப் பிடித்தது. அவற்றுள் 627 படங்களில் கடற்பசுக்கள் காணப்பட்டன. திமிங்கிலமும் ஆமையுங்கூடத் தென்பட்டன. பறப்பவரின் கண் தவறவிட்டதை மீண்டும் காண இயலாது. படத்தையோ எத்தனை முறையும் பார்க்கலாம்.

எனினும் கலங்கிய நீரிலும் ஆழத்திலும் உள்ளவை கமெராவுக்கும் புலப்படா. ஆதலின், நீருள் மறைந்திருக்கக் கூடியவற்றையும் கணித்துச் சேர்த்தே மொத்தத் தொகை கூறுவர். ஆயிரமாயிரம் படங்களை ஆராய்வதற்குப் பொறுமையும் வேண்டும். அவ்வேலைக்கு இப்பொழுது கணினியையும் பழக்கி வருகின்றனர்.

இவ்வளவு முயற்சி எதற்கு என வாசகர்கள் வினவலாம். வடகடலில் வாழ்ந்த ஸ்டெல்லர் கடற்பசு இதன் நெருங்கிய உறவினம். அதனை ஐரோப்பியர் முதன்முதற் கண்டது 1741 இல். இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு, 1768 ஆம் ஆண்டளவில் அவ்வினமே அற்றொழிந்தது. கொன்றவர்கள், எஞ்சியவை எத்தனையென எண்ணிப் பார்த்தாரில்லை.

நம் நாட்டிலும் கடற்பசுவைக் கொல்வதைச் சட்டம் தடுக்கின்றது. அவை மேயும் இடம் தெரிந்தால், எங்கே வலை விரிக்கலாகாது என்பதும் தெரியும். எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல், சிந்தித்தல் என இரு பொருள் உண்டு. முன்னதற்குக் கருவி வந்துவிட்டது. பின்னதை நாமே செய்தல் வேண்டும்.