அறிய வேண்டியது நோயை, ஆளை அன்று

சென்னை – திருப்பதி நெடுஞ்சாலைப் பேருந்துகளில் ஒரு காட்சியைக் காணலாம். எலும்பு முறிவுக்குப் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் ஊர் திரும்ப ஏறுவார்கள். கட்டுப் போட்ட கையைக் கண்டதும் யாரேனும் எழுந்து இடம் தருவார். "எப்படி அடிபட்டது?" என்று தமிழிலோ தெலுங்கிலோ கேட்பார். அடிபட்டவரும் மறைக்காமல் கூறுவார். அதே பேருந்தில் எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்து வாங்கித் திரும்பும் ஒருவரும் இருக்கக்கூடும். அவர் மாத்திரைப் புட்டியைப் பையின் அடியில் மறைத்து வைத்திருப்பார். இரண்டும் உடலுக்கு வந்த துன்பமே. ஒருவருக்கு இரக்கமும் மற்றவருக்கு ஒதுக்கமும் கிடைப்பது ஏன்?

அறியாமையே முதற்காரணம். எச்.ஐ.வி. என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றலை அழிக்கும் ஒரு நச்சுயிரி, அதாவது வைரஸ். மருத்துவம் பெறாவிடில், சில ஆண்டுகளில் பல நோய்கள் உடலைத் தாக்கும் நிலை உண்டாகும். அந்நிலையே எய்ட்ஸ். பாதுகாப்பற்ற உடலுறவு, தூய்மை செய்யப்படாத ஊசி, தொற்றுள்ள குருதியை ஏற்றுதல் ஆகியவற்றால் இது பரவும்; தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவக்கூடும். தொடுதல், ஒரே தட்டில் உண்ணுதல், இருமல், கொசுக்கடி ஆகியவற்றால் பரவாது. அருகில் அமர்வதாலும் பரவாது.

இந்தியாவில் இத்தொற்று 1986ஆம் ஆண்டு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 'இஃது அயல்நாட்டார் நோய். நம் நாட்டிற்கு வாராது' என்று பலர் நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவியாகிய மருத்துவர் நிர்மலா குருதி மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துச் சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றார். அங்கு நடந்த ஆய்வில்தான் உண்மை வெளிப்பட்டது. 'அது பிறர் நோய்' என்னும் எண்ணம் தவறென்று அன்றே தெரிந்துவிட்டது.

இன்று மருத்துவம் நெடுந்தொலைவு வந்துள்ளது. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதல் அரசு மருத்துவமனைகளில் இதற்கான கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. அதனை நாள்தோறும் தவறாது உட்கொள்வோர் நெடுநாள் வாழ்கின்றனர், படிக்கின்றனர், பணிபுரிகின்றனர். தாய்க்கு மருத்துவம் கிடைக்காவிடில் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றுப் பெறக்கூடும். உரிய மருத்துவம் கிடைப்பின் அவ்வெண் 5-க்கும் கீழே குறைகிறது.

மருந்து உடலைக் காக்கிறது. ஊராரின் அச்சத்திற்கு அதனிடம் தீர்வில்லை. அவ்வச்சத்தின் சுமை குழந்தைகள் மீதே மிகுதியாக விழுகிறது. தந்தை படுக்கையில் விழுந்தால் மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கிறது. பெற்றோர் இருவரும் மறைந்தால், முதுமையில் பாட்டி பேரப்பிள்ளைகளை வளர்க்கிறாள். தமக்குத் தொற்றே இல்லாத பிள்ளைகளும் 'அந்த வீட்டுப் பிள்ளைகள்' எனப்படுகின்றனர்.

பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. குருதிக் குறைபாட்டுக்குப் பெற்ற மருத்துவத்தின் வழியே தொற்றுக்கு ஆளான அமெரிக்கச் சிறுவன் ரயன் ஒயிட், 1985இல் பள்ளியில் நுழையத் தடுக்கப்பட்டான். கேரளத்தில் பெற்றோரை இந்நோய்க்குப் பறிகொடுத்த இரு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. 2003இல் அன்றைய நடுவண் நலவாழ்வுத்துறை அமைச்சர் சுஷ்மா சுவராஜ் அக்குழந்தைகளைப் பலர் முன்னிலையில் அணைத்துக்கொண்டார். ஆயிரம் விளக்கவுரைகள் கூறாததை அந்த ஓர் அணைப்பு கூறியது.

"என் பிள்ளையின் வகுப்பில் தொற்றுள்ள குழந்தை இருந்தால் அதனை அறியும் உரிமை எனக்கில்லையா?" எனப் பெற்றோர் சிலர் வினவுவர். பிள்ளைமீது கொண்ட அன்பால் எழும் வினா அது, எள்ளத்தக்கதன்று. ஆயினும் 'இல்லை' என்பதே என் விடை. ஒரே இருக்கையில் அமர்வதால் தொற்று வாராது எனும்போது, பெயரை அறிவதால் பயன் யாது? விளையாட்டில் காயம்பட்டுக் குருதி வடிந்தால், யாருடைய குருதியாயினும் கையுறை அணிந்தே துடைக்க வேண்டும். தொற்றுள்ள பலர் தம் நிலையைத் தாமே அறியாதிருக்கலாம். பெயர்ப் பட்டியலை நம்புவோர் பட்டியலில் இல்லாதவரிடம் கவனக்குறைவாக இருந்துவிடுவர். மேலும், பெயர் வெளிப்படும் என அஞ்சினால் மக்கள் ஆய்வு செய்துகொள்ளவே வரமாட்டார்கள். ஆய்வு இல்லையேல் மருத்துவமும் இல்லை. எனவே ஒருவரின் மறையைக் காப்பது ஊரையும் காப்பதாகும்.

நாட்டின் சட்டமும் இதனையே கூறுகிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டிக் கல்வி, வேலை, குடியிருக்க வீடு ஆகியவற்றை மறுப்பதைத் தடை செய்கிறது அச்சட்டம். பாதிக்கப்பட்ட குடும்பத்தில், 12 முதல் 18 வயதுக்குட்பட்ட, பக்குவமுள்ள பிள்ளை தன் தம்பி தங்கையருக்குக் காப்பாளராகிப் பள்ளியில் சேர்க்கவும் மருத்துவம் செய்விக்கவும் அது வழி செய்துள்ளது. உங்கள் வயதுப் பிள்ளை ஒன்று குடும்பத்தலைமை ஏற்க நேரும் என்பதைச் சட்டமே உணர்ந்திருக்கிறது. நாம் உணர வேண்டாவா?

மாணவர்களே! பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் நாம். எங்கு நோய் பரவினும் 'வெளியூரார் கொண்டுவந்தது' என்னும் பேச்சு எளிதில் எழும். ஒரு சொல்லால் ஒருவரை ஒதுக்குவது எத்துணை வலி தரும் என்பதை நாம் அறிவோம். அவ்வலியைப் பிறருக்கு நாம் தரலாகாது. நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதை ஐயமறக் கற்போம். யாருக்கு நோய் என்று துருவிக் கேளாதிருப்போம். நண்பன் நம்பிச் சொன்னதை நம்மோடு வைத்துக்கொள்வோம். நாளை அவன் வகுப்பிற்கு வரும்போது, வழக்கம்போல் அருகில் இடம் விட்டு அமர்வோம்.

சிந்தித்து எழுதுக

1. 'ஒருவரின் மறையைக் காப்பது ஊரையும் காப்பதாகும்' – இக்கருத்தை விளக்குக.
2. பெற்றோரின் வினாவிற்கு ஆசிரியர் கூறும் விடையை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தருக.
3. நோயினால் ஒதுக்கப்பட்ட நண்பனுக்கு ஆறுதல் கூறிக் கடிதம் எழுதுக.