சீன எழுத்து படமல்ல சாமி!

போன வாரம் எங்கள் கல்லூரியில் ஒரு சிறப்பு விருந்தினர் வந்து மேலாண்மை பற்றிப் பேசினார். பத்தாவது நிமிடம், நான் பயந்துகொண்டிருந்த அந்த வசனம் வந்தேவிட்டது. "சீன மொழியில் நெருக்கடி என்பதற்கு இரண்டு எழுத்து. முதல் எழுத்துக்கு ஆபத்து என்று அர்த்தம். இரண்டாவது எழுத்துக்கு... வாய்ப்பு!" ஒரே கைதட்டல். பி.காம் சேர்ந்ததிலிருந்து நான் இதைக் கேட்பது நாலாவது தடவை.

அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. 1959-ல் கென்னடி மேடையில் இதைச் சொன்னார். 2007-ல் அல் கோர் நோபல் பரிசு உரையிலேயே சொன்னார். பெரியவர்கள் சொல்லிவிட்டால் தப்பு சரியாகிவிடுமா?

அந்தச் சொல் 'வெய்ஜி'. 'வெய்' என்றால் ஆபத்து, சரி. ஆனால் 'ஜி' என்றால் பொறி, இயந்திரம், காரியம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திரும்பும் தருணம். வாய்ப்பு என்று சொல்ல அதோடு இன்னொரு எழுத்தைச் சேர்த்து 'ஜிஹுய்' என்பார்கள். ஆகாய விமானம் 'ஃபெய்ஜி', அதாவது பறக்கும் பொறி. நம் குருமார்கள் கணக்குப்படி அது "பறக்கும் வாய்ப்பு" ஆகணும் :-)

ஒரு சொல்லுக்காக இவ்வளவு கோபமா என்று கேட்கலாம். கோபம் சொல் மேல் இல்லை. சீன எழுத்து என்றால் படம், ஒவ்வொன்றிலும் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது, உச்சரிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்ற நம்பிக்கை மேல்தான். அதை நம்பி நானே ஆறு மாதத்தை வீணாக்கினேன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு படக்கதை. இருநூறு எழுத்து தாண்டியதும் கதைகள் ஒன்றோடொன்று குழம்பி, எல்லாம் போச்சு.

உண்மையில் நடப்பது வேறு. குதிரைக்கு 'மா' என்று ஓர் எழுத்து. (பழந்தமிழிலும் மா என்றால் குதிரை. தற்செயல்தான், ஆராய்ச்சி வேண்டாம்!) அதன் பக்கத்தில் 'பெண்' குறியைப் போட்டால் 'மா', அம்மா. 'வாய்' குறியைப் போட்டால் 'மா', கேள்வி வாக்கியத்தின் கடைசியில் வரும் சொல். 'பூச்சி' குறியைப் போட்டால் 'மா', எறும்பைக் குறிக்கும் 'மாயி'யின் முதல் எழுத்து. தொனி மட்டும் மாறலாம். படக்கதைப் பிரியர்களே, சீனர்கள் அம்மாவைப் பெண் குதிரை என்றா நினைக்கிறார்கள்? குதிரை அங்கே ஒலிக்காக நிற்கிறது. பக்கத்துக் குறி, பொருள் எந்த வகை என்று காட்டுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

இன்றுள்ள எழுத்துகளில் 80 சதவீதத்துக்கு மேல் இப்படி உருவானவைதான். அந்த 'ஜி'யே இடப்பக்கம் 'மரம்', வலப்பக்கம் 'ஜி' என்ற ஒலி! சூரியன், சந்திரன், மலை, மரம் எல்லாம் படமாகப் பிறந்தவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்டவை சில நூறுதான். இதையெல்லாம் கி.பி. 100 வாக்கிலேயே ஷூ ஷென் 9353 எழுத்துகளைத் தொகுத்து, ஆறு வகையாகப் பிரித்து விளக்கிவிட்டார். நாம்தான் இன்னும் பட வகையைத் தாண்டவில்லை.

ஒலிக்குறி எப்போதும் கைகொடுக்காது என்பதும் நிஜம். ஆற்றைக் குறிக்கும் 'ஜியாங்' எழுத்தில் 'தண்ணீர்' பக்கத்தில் நிற்பது 'கோங்'. இரண்டாயிரம் வருஷத்தில் உச்சரிப்பு நகர்ந்துவிட்டது. ஆனாலும் பாதி துப்பு, துப்பே இல்லாததைவிட மேல்.

"ஐம்பதாயிரம் படத்தை எவன் மனப்பாடம் செய்வான்" என்று சீனம் படிக்காமலே ஓடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2013-ல் சீன அரசு வெளியிட்ட பட்டியலில் மொத்தம் 8105 எழுத்து. அதில் அடிக்கடி புழங்குபவை 3500. அவையும் பெரும்பாலும் ஒரே உறுப்புகள் திரும்பத் திரும்பச் சேர்ந்தவை.

சீனர்களும் நம்மைப் போல் வாயால் பேசி, பேசியதைத்தான் எழுதுகிறார்கள். அவர்களை ஞானிகளாக்கி மேடையில் கைதட்டு வாங்குவது மரியாதை இல்லை, சோம்பேறித்தனம். அடுத்த தடவை யாராவது "ஆபத்து, வாய்ப்பு" என்று ஆரம்பித்தால், விமானத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.