ஆள் எடுக்கும் முன் ஆட்டத்தைக் கணக்கெடுப்போம்

பனவடலிசத்திரம் வட்டாரத்தில் பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ மின்னொளிக் கபடி என்று நோட்டீஸ் ஒட்டியதும் குழுக்களில் எழும் முதல் கேள்வி, “வெளியூர்ல இருந்து யாரைக் கூப்பிடலாம்?” என்பதுதான். பதிலாக வருவது பெரும்பாலும் ஒரு ரைடரின் பெயர். 5 கோடி ரூபாய் கையிருப்போடு ஏலத்தில் உட்காரும் புரோ கபடி அணிகளுக்கும் இந்த ஆசை உண்டு. அணிக்கு என்ன தேவை என்பதைப் பயிற்சியாளர்களாகிய நாம்தான் முதலில் கறாராகச் சொல்லவேண்டும்.

தமிழ் தலைவாஸ் 2017இல் லீக்கில் நுழைந்தது. கோப்பைக்கு மிக அருகில் அது போனது 2022இல். அந்த ஆண்டு 2.26 கோடிக்கு எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார். ஆனாலும் அணி சிதறவில்லை. அறிமுக வீரர் நரேந்தர் 200 புள்ளிகளுக்கு மேல் பாடி எடுத்தார். கார்னர்களில் சாகரும் சாஹில் குலியாவும், கவரில் மோஹித்தும் அபிஷேக்கும் ஒருவர் அசைவை ஒருவர் அறிந்து பிடித்தார்கள். அரையிறுதியில் புனேயிடம் தோற்றது வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில்.

2024 ஏலத்தில் தலைவாஸ் ரைடர் சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தது, பிளே-ஆஃப் எட்டவில்லை. அதே ஏலத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு ஈரானின் ஷாத்லூயியை எடுத்து அந்த ஆண்டே கோப்பையை வென்றது. இரண்டு அணிகளும் செலவழித்த தொகை ஏறக்குறைய ஒன்றுதான். முந்தைய சீசனில் இறுதிப் போட்டி வரை போன ஹரியானா, ஜெய்தீப்பும் ராகுலும் ஏற்கெனவே நின்ற தடுப்போடு ஒரு லெப்ட் கார்னரைச் சேர்த்தது. ஒரே வீரரால் வெற்றியோ தோல்வியோ வந்துவிடாது. ஆனால் வருகிறவர் யாருக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறார் என்ற கேள்விக்கு ஹரியானாவிடம் பதில் இருந்தது.

இந்தக் கேள்வி முக்கியமாவதற்கு நம் ஆட்டத்தின் விதியே காரணம். அவுட்டான ரைடர் தானாக உள்ளே வரமுடியாது. சக வீரர்கள் தொட்டோ பிடித்தோ புள்ளி எடுத்தால்தான் திரும்புவார். போனஸ் புள்ளிக்கு ஆள் உயிர்ப்பதில்லை. பிடி பலவீனமான அணியில் எவ்வளவு பெரிய ரைடரும் பாதி ஆட்டம் வெளியேதான் உட்கார்ந்திருப்பார். அவரை அங்கே உட்காரவைப்பது நம் தடுப்பின் ஓட்டை.

ஆகவே ஆள் தேடுமுன் பயிற்சியாளர்கள் மூன்று கணக்குகளை எழுதிவைக்க வேண்டும். முதலாவது, முதன்மை ரைடர் ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் வெளியே இருக்கிறார்? அது நீண்டால் தேவை கார்னரோ கவரோ. இரண்டாவது, மூன்றாம் ரைடான டூ-ஆர்-டை யார் தலையில் விழுகிறது, அதில் எத்தனை முறை மாட்டுகிறோம்? அங்கே சரிந்தால் தேவை இரண்டாம் ரைடர். மூன்றாவது, களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது சூப்பர் டேக்கிள் எடுக்கிறோமா, ஆல்-அவுட் ஆகிறோமா? அடிக்கடி ஆல்-அவுட் என்றால் புது ஆள் வேண்டாம். சங்கிலிப் பிடிப் பயிற்சி போதும்.

ஆளுக்கு ஆள் மாற்றுவதிலும் இதே கணக்குதான். கிரிக்கெட்டில் 2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் சஞ்சு சாம்சனைப் பெற ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது. விக்கெட் கீப்பிங்கோடு மேல்வரிசை ஆட்டத்தையும் பார்ப்பவர் வந்தார். போன இருவரும் பந்தும் வீசுபவர்கள். வருகிறவரின் பெயருக்கு எதிரே போகிறவர்கள் செய்துவந்த வேலைகளை முழுதாக எழுதிப் பார்க்காமல் எந்த மாற்றத்துக்கும் பயிற்சியாளர் ஒப்புதல் தரக்கூடாது.

நம் ஊர்க் குழுக்களில் ஆளை மாற்றுவதால் வரும் இழப்பு இன்னும் பெரிது. ஒரு இரவுக்காக வரும் வெளியூர் ரைடருக்காக, ஆண்டு முழுவதும் மண்ணில் புரண்டு பயிற்சி எடுத்த பையன் ஓரத்தில் உட்காருகிறான். மறுநாள் அந்த ரைடர் ஊர் திரும்பிவிடுவார். உட்காரவைத்த பையனோ பயிற்சிக்கே வராமல் போகலாம். இந்தக் கணக்குகள் வெளியாள் வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் கூப்பிடுங்கள். சொல்லாவிட்டால், கமிட்டி எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்த இடத்தை உள்ளூர்ப் பையனுக்கே கொடுங்கள்.