மாரிகாலமும் மூடப்படாத பாடசாலைகளும்

வாடைக்காற்றுப் பருவம் தொடங்கியதும் கீழைக்கரையில் ஆண்டுதோறும் ஒரு வினா எழுகின்றது. கடும் மழை நாளிற் பாடசாலையை மூடுவது எப்போது? அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் நிற்பவருக்கு இவ்வினா பெரிதாகத் தோன்றாது. அது மேட்டு நிலம். பெய்த மழை சரிந்து கடலை அடைந்துவிடும். ஆளுநர் செயலகமும் அங்கேயே உள்ளது; விவேகானந்தாக் கல்லூரியும் அங்கேயே உள்ளது. எனினும், அம்மேட்டிலிருந்து தெரியும் வானம் மாவட்டம் முழுவதற்கும் அளவுகோல் ஆகுமா?

ஆகாது என்பதற்கு மகாவலியே சான்று. மலைநாட்டிற் பெய்த மழை அவ்வாற்றின் வழியே வந்து கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில், டிட்வாப் புயல் வடக்கே நகர்ந்த பின்னரே, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மூதூர்ப் பகுதியை வெள்ளம் சூழ்ந்தது. வானம் வெளுத்துவிட்டது என்று கூறிப் பாடசாலையைத் திறப்போர் இவ்வுண்மையை மறந்தவராவர்.

பிள்ளைக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் வகுப்பறையில் இல்லை, வழியிலேயே உள்ளது. 2021 நவம்பர் 23ஆம் நாள் கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து மாணவர் மாண்டனர். அது புயலால் நேர்ந்ததன்று. பாடசாலைக்குச் செல்லும் பாதை எத்துணை நலிந்தது என்பதை அது காட்டிற்று. 2024 நவம்பர் 26ஆம் நாள் காரைதீவு மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அதிற் சென்றோர் சீரற்ற காலநிலையால் விடுமுறை பெற்று வீடு திரும்பிய மாணவர்கள். அவருட் பலர் உயிரிழந்தனர். நீர் பெருகிய பின் வழங்கப்படும் விடுமுறை காப்பன்று. அதுவே இடர் ஆகிவிடலாம்.

மழைக்கெல்லாம் மூடினால் கல்வி என்னாவது என்று வினவுவார் உளர். மூன்றாந் தவணை ஏற்கெனவே குறுகியது. பரீட்சைகளும் அப்பருவத்திலேயே வருகின்றன. அவர் கவலை நியாயமானதே. ஆயின் அதற்குப் பரிகாரம் பிள்ளைகளை வெள்ளத்தில் இறக்குவதன்று. மாரி ஆண்டுதோறும் வருவது, விருந்தாளியன்று. எனவே ஆண்டுத் திட்டத்திலேயே சில நாள்களை அதற்கென ஒதுக்கி, இழந்த பாடங்களைச் சனிக்கிழமைகளில் நடத்தலாம்.

அதிபரிடம் அதிகாரம் கொடுத்தால் அது துஷ்பிரயோகம் ஆகும் என்பது மற்றொரு வாதம். அறுநூறு பிள்ளைகளை ஒப்படைக்கும் அளவுக்கு நம்பப்பட்ட ஒருவர், தம் பாடசாலை வாயிலில் நிற்கும் நீரின் ஆழத்தைச் சொல்ல மட்டும் நம்பப்படாதவரா? தேசியப் பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும் ஏனையவை மாகாண நிர்வாகத்தின் கீழும் இயங்கும் நாட்டில், ஒரே வீதியின் இரு பிள்ளைகளுக்கு இரு கட்டளைகள் வரக்கூடும். வெள்ளமோ அவ்வேறுபாட்டை அறியாது.

2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே புரவிப் புயல் கரை கடக்குமுன்னரே எச்சரிக்கை கிடைத்தது. முன்னறிவிப்பு உண்டு, அதனை விடியும்வரை மேசையில் வைத்திருப்பதே குறை. முதல்நாள் பிற்பகலுக்குள் வலயக் கல்விப் பணிப்பாளர் வளிமண்டலவியல், நீர்ப்பாசனத் திணைக்களங்களின் தகவலைக் கொண்டு முடிவை அறிவிக்க வேண்டும். இரவில் வழி துண்டிக்கப்படின், காலையில் மூடும் உரிமை அதிபருக்கு இருத்தல் வேண்டும். பிள்ளைகள் வந்து சேர்ந்தபின் நீர் பெருகினால் எவரையும் தனியே அனுப்பாது, பெற்றோர் வரும்வரை பாடசாலையிலேயே வைத்துப் பேண வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. மேட்டில் அமர்ந்திருப்போர் பள்ளத்தில் நடந்து வரும் பிள்ளையின் முழங்காலளவு நீரைக் கொண்டு முடிவு செய்யப் பழகினாற் போதும். அது நிகழாதவரை, ஒவ்வொரு மாரியின் இழப்பையும் இயற்கையின் தலையிற் சுமத்துவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.