விடுமுறை மாணவரும் குடிசை வீடும்

வீடற்ற ஏழைகளுக்கு வீடு கிடைக்கும்படி செய்வதற்கென ஏற்பட்ட தர்ம ஸ்தாபனங்கள், கலாசாலை மாணவர்களை இரண்டு அல்லது மூன்று மாத காலத்துக்குப் பயிற்சிக்கென்று அமர்த்திக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் நன்றாகப் பரவிவிட்டது. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், பட்ட வகுப்பு மாணவர் இத்தகைய பயிற்சியைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே மேற்கொள்வதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவும் ஏற்பாடு வகுத்திருக்கிறது. மாணவர்களுக்கு இதில் உற்சாகம் உண்டு. ஸ்தாபனங்களுக்கோ கைகொடுக்க ஆள் கிடைக்கிறது. ஆனால் அம்மாணவர் செய்யும் வேலை யாது, அதனால் குடிசையில் இருப்பவனுக்கு என்ன பிரயோஜனம் என்று உரக்கக் கேட்பாரைக் காணோம். புதுவையைச் சேர்ந்த வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்னிட்டு அக்கேள்வியை நாம் இங்கே கேட்க விரும்புகிறோம்.

பெரும்பாலும் நடப்பதென்ன? மாணவர் நகரத்துக் காரியாலயம் ஒன்றில் கணினியின்முன் உட்காருகிறார். டில்லியில் அச்சிட்ட அறிக்கைகளைச் சுருக்கி எழுதுகிறார். சுருக்கியதை மறுபடியும் சுருக்கிப் படங்களாக்குகிறார். ஒரு நாள் வாகனத்தில் கிராமத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, கூரை வீடொன்றின் முன்னே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார். முடிவில் அவருக்கு ஒரு நற்சான்றுப் பத்திரமும் ஸ்தாபனத்துக்கு ஓர் ஆங்கில அறிக்கையும் மிஞ்சுகின்றன. அவ்வறிக்கையில் யாருடைய வீட்டைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் அதனைக் கண்ணாலும் காண்பதில்லை. இதற்குக் கொள்கை ஆராய்ச்சி என்று பெயர்!

மாணவர் விடுமுறையில் இதைவிடப் பெரிய காரியங்களைச் செய்து காட்டியிருக்கின்றனர். 1915-ம் வருஷம் சென்னைச் சர்வகலாசாலைக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர், தம் மாணவர்களிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, கிராமம் சென்று விசாரித்து எழுதி வருமாறு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த குறிப்புகள் 1918-ல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்களில் ஒன்று அந்நாளைய தென்னார்க்காடு ஜில்லாவிலிருந்த இருவேல்பட்டு. இப்போது விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்தில் இருக்கிறது. புதுவைக்கு அது தூரதேசமன்று. ஏறத்தாழ இருபது வருஷங்கள் கழிந்தபின் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராய வைத்தார்கள். அதற்குப் பிறகும் ஆராய்ச்சிக்காரர் போய்க்கொண்டே இருந்தனர்; 1916 முதல் 2008 வரை இருவேல்பட்டில் நிலமும் கூலியும் ஜாதியும் எவ்வாறு மாறின என்பதை ஒரே தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிறது. இந்தியாவில் வேறெத்தனை கிராமங்களுக்கு இப்படி ஒரு சரித்திரம் உண்டு? அதன் முதல் ஏட்டை எழுதியவர் பெரிய உத்தியோகஸ்தர் அல்லர்; விடுமுறைக்குப் போன ஒரு கலாசாலை மாணவர்.

ஸ்லேட்டர் அன்னிய ஆட்சிக் காலத்துப் பேராசிரியர் என்று எவரேனும் சொல்லக்கூடும். நம் தேசிய இயக்கமும் இதே வழியைக் கையாண்டதென்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1929-30-ல் குஜராத் வித்தியாபீடத்து மாணவர்களை உடன்கொண்டு கேடா ஜில்லா மாத்தர் தாலுகாவில் 54 கிராமங்களைச் சோதித்தார். குடியானவனின் வரவு என்ன, செலவு என்ன, நிலவரி அவனை எவ்வளவு அழுத்துகிறது என்று வீட்டுக் கணக்காகவே எடுத்துக் காட்டினார். மேடைப் பிரசங்கத்துக்கு மறுப்புச் சொல்வது எளிது. கணக்குக்கு மறுப்புச் சொல்ல வேண்டுமாயின் சர்க்காரும் கணக்கோடுதான் வர வேண்டும்.

இனி வில்லியனூருக்கும் பாகூருக்கும் வருவோம். ஒன்று சங்கராபரணி பாயும் பூமி. மற்றொன்று தென்பெண்ணையும் பாகூர் ஏரியும் வளர்த்த நெல் பூமி. இரண்டிலும் நன்செய் நிலங்கள் மனைகளாகக் கூறுபோடப்படுகின்றன. புதுவை நகரம் வெளியே வழிந்து வருகிறது. மனை விலையும் கூடவே ஏறுகிறது. நாற்று நட்டும் அறுத்தும் பிழைத்த கூலி ஜனங்களுக்கு வேலை தந்த வயலும் போகிறது, வீடு கட்டுவதற்குரிய இடமும் எட்டாத உயரத்துக்குப் போகிறது.

2011 டிசம்பர் 30-ந் தேதி கரை கடந்த தானே புயலில் இப்பிரதேசத்தின் கூரைகள் என்னவாயின என்பதை அங்குள்ளோர் மறந்திலர். 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுவையில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து லட்சம் கன அடிக்கு மேற்பட்ட நீர் திறக்கப்படவே, தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கத்து ஆற்றோரக் கிராமங்களில் புகுந்தது. அதே வெள்ளத்தில் இருவேல்பட்டும் மூழ்கியது. நிவாரணம் வந்து சேரவில்லையென்று அவ்வூரார் நெடுஞ்சாலையை மறித்து நின்றார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக ஆராயப்பட்ட ஊருக்கே இக்கதி என்றால், ஒரு முறையும் ஆராயப்படாத ஊர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டுமோ?

வீடு கட்ட உதவும் திட்டங்கள் இல்லையென்று நாம் சொல்லவில்லை. புதுவை சர்க்கார் பெருந்தலைவர் காமராஜரின் நூற்றாண்டை ஒட்டி அவர் பெயரால் வீடு கட்டும் திட்டமொன்றை ஏற்படுத்திற்று. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரியின் நகர வீட்டு வசதித் திட்டத்தில், சொந்த மனையில் தானே கட்டிக்கொள்வோருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மத்திய சர்க்காரின் உதவி என்று வகுக்கப்பட்டது. சிக்கல் இருப்பது “சொந்த மனை” என்ற அந்த இரண்டு சொற்களில்தான். வாய்க்கால் புறம்போக்கில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவனுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்கு மானியம் இல்லை. எவனுடைய குடிசை முதலில் அடித்துக்கொண்டு போகுமோ, அவனே கடைசியில் நிற்கிறான்.

பட்டா உள்ளவர்களுக்கும் தொல்லை தீர்ந்தபாடில்லை. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலேனும் கூட்டாகவேனும் இருக்க வேண்டும் என்று மேற்படி மத்தியத் திட்டத்தில் விதி உண்டு. மிக நல்ல விதி. நாம் மனமார ஆதரிக்கிறோம். ஆனால் மனையோ இறந்துபோன பாட்டனாரின் பெயரில் இருக்கும். பாகப்பிரிவினை ஆகியிராது. வாரிசுச் சான்று வாங்க நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும். நான்கு நாள் கூலி போனால் அந்த வாரம் அடுப்பு எப்படி எரியும் என்பதை விதி எழுதியவர் யோசித்திருக்க மாட்டார்.

தவணை விஷயம் இதனினும் நுட்பமானது. கட்டடம் ஒரு நிலையை எட்டினால்தான் அடுத்த தவணை வரும். பணம் வீண்போகாமல் தடுக்க இது அவசியமென்பதை ஒப்புகிறோம். ஆயினும் அடித்தளம் போட்ட பின் தவணை வரும்வரை அக்குடும்பம் எங்கே படுத்துறங்கும்? பழைய குடிசையைப் பிரித்துத்தானே அஸ்திவாரம் தோண்டினார்கள்! வாடகைக்குப் போக வேண்டும். அல்லது கம்பிக்கும் சிமெண்டுக்கும் வட்டிக்கு வாங்கி வேலையை ஓட்ட வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் கொத்தனாரும் வரமாட்டார். சுவர் எழும்பிக் கூரையில்லாமல் நிற்கும் வீட்டை இப்பக்கத்தில் கண்டிராதவர் உண்டோ? ஒரு தவணைக்கும் மறு தவணைக்கும் இடையே கழிந்த நாட்கள் எத்தனை, அந்நாட்களில் வாங்கிய கடன் எவ்வளவு, அதற்கு வட்டி என்ன விகிதம் - இவற்றை அறிய வேண்டுமானால் வீட்டுக்காரியிடம் திண்ணையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். காரியாலயத்துக் கோப்பில் “முதல் தவணை கொடுக்கப்பட்டது” என்றுதான் இருக்கும்.

பயிற்சி மாணவருக்கு ஏற்ற வேலை இதுவே. ஒரு கிராமம், ஒரு பருவம், ஐம்பது வீடுகள். ஊரையும் பார்க்க வேண்டும், ஆதிதிராவிடர் குடியிருப்பையும் பார்க்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைப் பார்த்தவன் கிராமத்தைப் பார்த்தவனாகான். வெள்ளம் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் ஏறிற்று என்று அளந்துகொள்ள வேண்டும். புதிதாகக் கட்டிய வீட்டின் தரைமட்டம் அதற்கு மேலா கீழா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இதற்குப் பெரிய பாண்டித்தியம் வேண்டுவதில்லை. பொறுமையும் நல்ல தமிழும் ஒரு அளவு நாடாவும் போதும்.

யாரை அனுப்புவது என்பது அடுத்த விஷயம். இங்கே சில ஸ்தாபனங்களின் போக்கை நாம் கண்டிக்காமல் இருக்க முடியாது. சம்பளமில்லாமல் வேலை வாங்கி அதற்குப் பயிற்சி என்று பெயரிடுகிறார்கள். தந்தை பணம் அனுப்பக்கூடிய பிள்ளையே அப்படி மூன்று மாதம் இருக்க முடியும். குடிசையில் பிறந்து, மழைக்கு எந்த மூலையில் பாத்திரம் வைக்க வேண்டுமென்று அறிந்த பாகூர்க் கூலிக்காரரின் மகள், விடுமுறையில் துணிக்கடைக்கோ தொழிற்சாலைக்கோ போய்விடுகிறாள். வீட்டைப் பற்றி அறிந்தவள் கடையில் நிற்க, அறியாதவர் ஆராய்ச்சிக்கு வருகிறார். ஒரு விவசாயக் கூலியின் தினசரிக் கூலிக்குக் குறையாமல் உபகாரச் சம்பளம் கொடுத்து, தாகூர் கலைக் கல்லூரியிலும் பிற அரசாங்கக் கல்லூரிகளிலும் படிக்கும் அக்கிராமத்துப் பிள்ளைகளையே முதலில் எடுத்தல் வேண்டும்.

கிராமத்தின் செலவில் படிப்பு நடந்த ஊர் பாகூர். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கே இருந்த வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானமாக விடப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அம்மூன்று கிராமத்து உழவர் விளைவித்த நெல்லை உண்டு மாணாக்கர் கற்றனர். உழவர் பிள்ளைகள் அங்கே கற்றார்களா என்று கேட்டால் நமக்கு வெட்கமே மிஞ்சும். பட்ட கடன் பழைய கடன். இப்போதேனும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கலாம்.

நிற்க. மாணவர் நேர்மையாக எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அதை யாரிடம் கொடுப்பது? இங்கேதான் முக்கியமான குறை வெளிப்படுகிறது. 1954 அக்டோபர் 18-ந் தேதி, வில்லியனூர் வட்டத்தைச் சேர்ந்த கீழூரில், பிரதிநிதி சபையினரும் கொம்யூன்களின் பிரதிநிதிகளுமாக 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு வாக்களித்தனர். பிரெஞ்சு ஆட்சி அவ்வாக்கினால் முடிந்தது. ஒரு தேசத்தின் விதியை நிர்ணயிக்கத் தகுதியுள்ளவர்களென்று அன்று கருதப்பட்ட கொம்யூன் பிரதிநிதிகளுக்குப் பின்னர் நேர்ந்ததென்ன? 1968-ல் ஒரு தேர்தல். அதற்கடுத்தது முப்பத்தெட்டு வருஷம் கழித்து 2006-ல். அவர்களுடைய பதவிக் காலமும் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோயிற்று. கொம்யூன் பஞ்சாயத்துக் காரியாலயம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், குமாஸ்தா இருக்கிறார். எங்கள் தெருவில் பத்து வீடு பட்டாவின்றி நிற்கிறதென்று எழுந்து கேட்க வேண்டிய அங்கத்தினருக்குத்தான் நாற்காலி இல்லை.

நகர ஸ்தாபனங்களில் பட்டதாரிகளைப் பயிற்சிக்கு அமர்த்த 2020 ஜூன் மாதம் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் தொடங்கிற்று. கிராமக் கொம்யூன்களுக்கும் அதைப் போன்றதொன்று வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதற்குச் சர்க்கார் உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டுமென்பதில்லை. வீட்டு வசதிக்கு உழைக்கும் ஸ்தாபனங்களே வரும் விடுமுறையில் தொடங்கலாம். மாணவர் எழுதிய குறிப்பு தமிழில் இருக்கட்டும். அதனை முதலில் அந்த ஊர் ஜனங்களைக் கூட்டிவைத்து, எவருடைய கடனும் குடும்ப விஷயமும் பெயரோடு வெளிப்படாதபடி வாசித்துக் காட்டி, பிழையிருந்தால் அவர்கள் வாயாலேயே திருத்திக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு பிரதி கொம்யூன் காரியாலயத்துக்கும், ஒரு பிரதி அவ்வூர்ப் பள்ளிக்கூடத்துக்கும், ஒரு பிரதி தொகுதியின் சட்டமன்ற அங்கத்தினருக்கும் போகட்டும். தேர்தல் நடந்து பஞ்சாயத்து அங்கத்தினர் வந்து அமரும் நாளில், அவர்கள் முதற் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதற்குப் பள்ளிக்கூடத்து அலமாரியில் அந்த ஏடு தயாராக இருக்கும்.