ஒலிபெருக்கியைத் திருப்பிப் பிடித்தவர்கள்

ஆண்டுதோறும் செய்முறைத் தேர்வின்போது நான் தவறாமல் கேட்கும் வாய்மொழி வினா ஒன்று உண்டு. மேசைமேல் ஒரு பழைய ஒலிபெருக்கியை வைத்துவிட்டு, "இதன் முன் நின்று நீ பேசினால் இதன் இரு கம்பிகளுக்கிடையே என்ன நிகழும்?" என்று கேட்பேன். பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதியை எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்த மாணவர்கள்கூட, "ஒன்றும் நிகழாது சார், அது ஸ்பீக்கர்தானே" என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

மாணவர்களே, நீங்கள் சற்று யோசித்துப் பாருங்கள். ஒலிபெருக்கிக்குள் இருப்பது என்ன? ஒரு நிலைக்காந்தம், அதன் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள், சுருளோடு ஒட்டிய ஒரு காகிதக் கூம்பு. சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் கூம்பு அசைகிறது, காற்று அதிர்கிறது, ஒலி பிறக்கிறது. இப்போது கதையைப் பின்னோக்கிச் சொல்லுங்கள். காற்று அதிர்ந்தால் கூம்பு அசையும். கூம்பு அசைந்தால் காந்தப்புலத்தில் சுருள் அசையும். சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஒலிபெருக்கி, ஒலிவாங்கி ஆகிவிட்டது!

இந்த எளிய உண்மையை 1966 ஏப்ரலில் லண்டன் நகரில் சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள். அப்பே சாலையில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக் கூடத்தில் 'பீட்டில்ஸ்' என்ற நால்வர் குழு 'பேப்பர்பேக் ரைட்டர்' என்னும் பாடலைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய அந்த நால்வரும் லிவர்பூல் நகரத்துக்காரர்கள். தங்கள் பதிவுகளில் பேஸ் கித்தாரின் ஒலி மெலிந்து கேட்கிறது என்பது அவர்களுடைய நெடுநாள் குறை. பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அதன் ஒலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மேல். இவ்வளவு பெரிய, மெதுவான அலையை வாங்கிக்கொள்ளப் பெரியதொரு கூம்பு இருந்தால் என்ன என்று அங்கிருந்த பொறியாளர்களுக்குத் தோன்றிற்று. ஒரு பெரிய ஒலிபெருக்கியின் இணைப்பை மாற்றி, பேஸ் கித்தாரின் பெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரே நிறுத்தி, அதையே ஒலிவாங்கியாக வைத்துப் பதிவு செய்தார்கள். அந்தப் பாட்டில் பேஸ் கித்தார் எப்படி முழங்குகிறது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அப்போது பதிவுப் பொறியாளராகப் பொறுப்பேற்றிருந்த ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. உங்களைவிட நாலைந்து ஆண்டுகள்தாம் மூத்தவர்.

இதையெல்லாம் நான் இப்போது எழுதக் காரணம் ஒரு மாணவன். நன்றாகப் பாடக்கூடிய பையன். தன் கணிப்பொறியில் ஒரு மென்பொருளைக் காட்டி, "சார், இது 1960களின் வால்வு ஒலியையும் ஒலிநாடா ஒலியையும் அப்படியே தரும். அப்பாவிடம் பணம் கேட்டிருக்கிறேன்" என்றான். பழைய பதிவுகள் இனிமையாக இருப்பதற்கு வால்வும் நாடாவுமே காரணம் என்பது அவன் நம்பிக்கை. இன்று பலருடைய நம்பிக்கையும் அதுதான். இது பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. அந்தக் கூடத்தில் 1968இல் வால்வுகளை விட்டுவிட்டு, டிரான்சிஸ்டர்களால் ஆன புதிய ஒலிக்கலவை மேசையைக் கொண்டுவந்தார்கள். அந்த மேசையில் உருவானதுதான் 'அப்பே ரோடு' என்ற இசைத்தட்டு. பீட்டில்ஸ் குழுவின் இசைத்தட்டுகளில் ஒலித்தரம் மிக்கது இதுவே என்று சொல்லும் ரசிகர்கள் ஏராளம். வால்வு போன பின்னும் தரம் போகவில்லையே! அப்படியானால் தரம் எங்கிருந்து வந்தது? கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிந்த மனிதர்களிடமிருந்து வந்தது என்கிறேன் நான்.

ஒலிநாடாவை எடுத்துக்கொள்வோம். உங்களில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். இரும்பு ஆக்சைடு பூசிய நீண்ட பிளாஸ்டிக் நாடா அது. ஒலியின் ஏற்ற இறக்கம் அதில் காந்தப் பதிவாகிறது. என் சிறுவயதில் டேப் ரெக்கார்டரின் பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால், பாடகியின் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகிவிடும். பாட்டும் தூங்கி வழியும். எங்களுக்கு அது வேடிக்கை. நாடாவின் வேகம் குறைந்தால் சுருதியும் காலமும் சேர்ந்தே குறையும் என்பது அதன் பொருள். இரண்டையும் பிரிக்க முடியாது.

1965இல் 'இன் மை லைஃப்' என்ற பாடலின் நடுவே ஒரு பியானோ வாசிப்பு தேவைப்பட்டது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின், தாம் எண்ணிய வேகத்தில் அதை வாசிக்க இயலவில்லை என்று கண்டார். நாடாவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ஒரு ஸ்தாயி கீழே, நிதானமாக வாசித்தார். பிறகு நாடாவை முழு வேகத்தில் ஓட்டினால் அதிர்வெண் இருமடங்காகிறது. ஒரு ஸ்தாயி மேலே போய்ச் சரியான சுருதியில் நிற்கிறது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பியானோ ஒலி எழுந்து அடங்கும் காலமும் பாதியாகிவிடுகிறதல்லவா? அதனால் அது பியானோவைப் போலவே கேட்பதில்லை. ஹார்ப்சிகார்டு என்ற பழங்கால இசைக்கருவி என்றே பலர் எண்ணினார்கள். ஒரு கருவியை அடையாளம் காண நமக்குச் சுருதி மட்டும் போதாது; ஒலி எழும் விதமும் அடங்கும் விதமும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கத்தை நான் அறியேன்.

இதே விதி அடுத்த ஆண்டு அவர்களை ஒரு பெரிய சங்கடத்திலிருந்து காப்பாற்றிற்று. 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்ற பாடலை இரண்டு விதமாகப் பதிவு செய்திருந்தார்கள். ஒன்று அமைதியானது, மற்றது எக்காளமும் செல்லோவும் சேர்ந்து ஆரவாரமானது. லென்னன் வந்து, முதலாவதன் தொடக்கமும் இரண்டாவதன் முடிவும் பிடித்திருக்கின்றன, ஒட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். சொல்வது எளிது. இரண்டும் வெவ்வேறு சுருதி, வெவ்வேறு வேகம்! ஆனால் வேகமாக இருந்த பதிவே சுருதியிலும் உயர்ந்திருந்தது. அதை மெதுவாக ஓட்டினால் வேகமும் இறங்கும், சுருதியும் இறங்கும். இரண்டும் முதற்பதிவை நோக்கியே வரும். அரைச்சுர அளவு இறக்க வேண்டுமானால் நாடாவின் வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று நீங்களே கணக்கிடலாம். ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள், ஸ்தாயிக்கு அதிர்வெண் இருமடங்கு. 1966 டிசம்பர் 22 அன்று வேகங்களைச் சரிசெய்து, நாடாவை வெட்டி ஒட்டினார்கள். பாட்டுத் தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் அந்த ஒட்டு வருகிறது. வேகமான பதிவு சுருதியில் தாழ்ந்ததாக இருந்திருந்தால்? எந்தப் பொறியாளராலும் அன்று அதை ஒட்டியிருக்க முடியாது. அதிர்ஷ்டம்தான், ஆனாலும் அதை அதிர்ஷ்டம் என்று அடையாளம் காணவே இயற்பியல் தெரிந்திருக்க வேண்டும்!

அந்நாளில் அவர்களுக்கு இருந்தவை நான்கே தடங்கள். ஓர் அங்குல அகலமுள்ள நாடாவில் நான்கு ஒலிகளைத் தனித்தனியே அருகருகே பதியலாம், அவ்வளவே. ஐந்தாவது ஒலி வேண்டுமென்றால் இருப்பவற்றைக் கலந்து வேறொரு நாடாவில் படியெடுத்து, இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். படியெடுக்கும்போது புதிய நாடாவின் இரைச்சலும் வந்து சேரும். இரைச்சலின் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்கு, அதாவது 3 டெசிபெல் கூடுதல். அதைவிடக் கொடிது, கலந்ததைப் பிரிக்க முடியாது என்பது. x, y இரண்டின் கூட்டுத்தொகை 7 என்று மட்டும் சொன்னால் x எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியுமா? ஆகவே ஒவ்வொரு கலவைக்கு முன்னும் அவர்கள் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. இன்று நூறு தடங்கள் கையில் இருக்க, முடிவைக் கடைசிவரை தள்ளிப்போடும் என் மாணவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது அவனுக்கு நன்மையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

1967 பிப்ரவரியில் 'எ டே இன் த லைஃப்' பாடலுக்கு 40 பேர் கொண்ட இசைக்குழுவை வரவழைத்தார்கள். நான்கு தடம் போதவில்லை. இரண்டு பதிவுப் பொறிகளை ஒரே வேகத்தில் சேர்த்து ஓட்ட வேண்டும் என்றார் மார்ட்டின். அந்தக் கூடத்தில் அதற்கான கருவி கிடையாது. கென் டவுன்செண்ட் என்ற தொழில்நுட்பப் பொறியாளர் வழி கண்டார். நாடாவை இழுக்கும் மோட்டாரின் வேகம், அதற்குத் தரப்படும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. பிரிட்டனிலும் நம் வீட்டு மின்சாரத்தைப் போலவே 50 ஹெர்ட்ஸ்தான். முதற்பொறியின் ஒரு தடத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்து, அதைப் பெருக்கி, இரண்டாம் பொறியின் மோட்டாருக்கே மின்சாரமாகக் கொடுத்துவிட்டார்! முதற்பொறி சற்றே தாமதித்தால் அந்த அதிர்வெண்ணும் குறையும். இரண்டாம் பொறியும் கூடவே தாமதிக்கும். இதற்கு முந்திய ஆண்டில், ஒரே வரியை இருமுறை பாடிப் பதிவது சலிப்பாக இருக்கிறது என்று லென்னன் முணுமுணுத்தபோது, குரலின் நகலைச் சில பத்து மில்லிவினாடிகள் தள்ளி மூலக்குரலோடு சேர்க்கும் முறையை அமைத்தவரும் இவரே. அவ்வளவு சிறிய இடைவெளியை நம் காது எதிரொலியாகக் கேட்பதில்லை. குரல் தடித்ததாகவே கேட்கிறது.

அதே பாட்டின் இறுதியில் பல பியானோக்களில் ஒரே சமயத்தில் ஓங்கி அடித்த ஒரு கூட்டொலி, 40 வினாடிக்கும் மேல் நீடிக்கிறது. பியானோக் கம்பியின் அதிர்வு தேய்ந்துகொண்டே போவதுதானே இயல்பு? ஒலி தேயத் தேய, பதிவின் பெருக்கத்தைக் கையால் மெல்ல உயர்த்திக்கொண்டே போனார்கள். கடைசி வினாடிகளில் பெருக்கம் உச்சத்தில் இருந்தது. அதனால் கூடத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதுகூடப் பதிவாகிவிட்டது. நல்ல காதணி ஒலிபெருக்கி இருந்தால் நீங்களும் கேட்கலாம். குறிகையைப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும் என்று கரும்பலகையில் எழுதுவதைவிட அந்த நாற்காலியைக் கேட்கச் செய்வது மேல் என்பது என் வகுப்பறை அனுபவம்.

இதற்கு மறுப்பும் உண்டு, மறைக்க மாட்டேன். இ.எம்.ஐ. பணக்கார நிறுவனம். கலவை மேசைகளைத் தானே வடிவமைத்துச் செய்துகொள்ளும் வசதி படைத்தது. ஏழைக் கூடம் ஒன்றில் இவையெல்லாம் நடந்திருக்குமா? நடந்திராது. பாட்டுகள் நன்றாக இல்லாதிருந்தால் இன்று யாரும் இந்தப் பதிவுகளைத் தேடிக் கேட்கவும் மாட்டார்கள். ஆயினும் ஒன்று கவனியுங்கள்: மேசையைத் தானே செய்யும் இடத்தில்தான் அதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தவர்களும் இருந்தார்கள். நான் படித்த காலத்தில் ஆய்வகத்தில் பழுதான பெருக்கி ஒன்றின் மூடியைத் திருகித் திறந்ததற்காக ஒரு வாரம் வெளியே நிறுத்தப்பட்டேன். அந்தப் பெருக்கி பிறகு யாருக்கும் பயன்படவில்லை. மூடியோடு பத்திரமாக இருந்தது.

x, y கணக்கைச் சொன்னேன் அல்லவா? அண்மையில் அதற்கும் ஒரு வழி வந்திருக்கிறது. குரல் எப்படி இருக்கும், கித்தார் எப்படி இருக்கும் என்று கணிப்பொறிக்குப் பழக்கி, கலந்த ஒலியிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்தெடுக்கிறார்கள். அப்படித்தான் 2022இல் 'ரிவால்வர்' இசைத்தட்டு புதிதாகக் கலக்கப்பட்டது. 2023இல், மறைந்த லென்னனின் குரலைப் பழைய கேசட்டில் இருந்த பியானோவிலிருந்து பிரித்து 'நவ் அண்டு தென்' வெளியாயிற்று. விடை தெரியாத சமன்பாட்டுக்கு வெளியிலிருந்து கூடுதல் அறிவைக் கொண்டுவந்து தீர்த்திருக்கிறார்கள். இதையும் உள்ளே என்ன நடக்கிறதென்று அறிந்தவர்களே செய்தார்கள்.

அந்த மாணவனிடம் மென்பொருள் வாங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் பழைய இயர்போன் ஒன்று இருந்தால், அதைக் கணிப்பொறியில் மைக் செருக வேண்டிய துளையில் செருகி, அதற்குள் பேசிப் பதிவு செய்து பாருங்கள். குரல் சன்னமாகக் கேட்கும். தாழ்ந்த ஒலிகள் அநேகமாக இருக்கா. ஏன் என்று இப்போது உங்களால் சொல்ல முடியும்.